அமிர்திச் சாலைக் கரட்டில் பங்குனியும் சித்திரையும்

பங்குனி பாதி தாண்டினால் எங்கள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "காடெல்லாம் காஞ்சு கருகிப்போச்சு." வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கணியம்பாடி வரும். அங்கே பிரிந்து அமிர்திப் பக்கம் போகிற வழித்தடத்தில் நான் கண்டக்டர். ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர் ஒன்றில் எங்களுக்கு நைட் ஹால்ட். கடைசி நடை இரவு ஒன்பதரைக்கு வந்து நிற்கும். முதல் நடை காலை ஆறு இருபதுக்குக் கிளம்பும். ஊருக்கு மேற்கே ஒரு கரடு இருக்கிறது. காட்டு இலாகா எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், மேய்க்கால் புறம்போக்கு. பாறையும் சரளையும் முள்ளும்தான். அது காய்ந்து கருகவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வருஷத்திலேயே அங்கே வேலை மும்முரமாக நடக்கிற மாதங்கள் பங்குனியும் சித்திரையும்.

மரங்கள் மொட்டையாக நிற்பதைப் பார்த்துத்தான் ஜனங்கள் செத்துவிட்டது என்கிறார்கள். புரசு மொட்டையாக நின்றுதான் பூக்கும். கோங்கும் அப்படித்தான்: பாறை இடுக்கில் வேரை நுழைத்துக்கொண்டு, ஒரு இலைகூட இல்லாத கிளை நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூ வைக்கும். இலையை வைத்துக்கொண்டிருந்தால் இருக்கிற கொஞ்ச ஈரமும் அதன் வழியாகப் போய்விடும். இலை இல்லாவிட்டால் பூ தூரத்துக்குத் தெரியும், தேனுக்கு வருகிறவர்களுக்கும் வழி மறிக்காது. புரசு பூத்திருக்கும்போது மைனா, தேன்சிட்டு, கரிச்சான் எல்லாம் அந்த ஒரே மரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

தணக்கு மரத்தைப் பாறைச் சரிவில் பார்க்கலாம். வெளுத்த தண்டு. காயின் தலையில் நீளமாக இரண்டு இறக்கை இருக்கும். மேல்காற்று வீசுகிற மதியத்தில் அவை கழன்று சுழன்றபடி வந்து இறங்கும். ஒன்றைக் கையில் எடுத்து மேலே வீசினால் மறுபடியும் சுழன்றுதான் இறங்கும். ஊர்ப் பிள்ளைகள் இதற்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் வருகிறார்கள். சித்திரை பிறந்தால் வெப்பாலை வெள்ளையாகப் பூக்கும். துரிஞ்சியில் இளமஞ்சள் பூங்கொத்து வரும். இதன் இலையைக் காயவைத்து இடித்ததுதான் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. வெயில் உச்சத்தில், மழை ஒரு சொட்டு இல்லாமல் துளிர்க்கிற மரம் இது. ஆழத்தில் எங்கேயோ தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

கலாச்செடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கலாக்காய் ஊறுகாய் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அதன் பூவைச் சாயங்காலம் நின்று பார்த்தவர்கள் குறைவு. பகலில் சாதாரண வெள்ளைப் பூ. பொழுது சாயச் சாய வாசனை கூடும். வார ஓய்வு நாளில் நான் சாயங்காலமே போய்க் கலாப் புதர் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிடுவேன். தேன்சிட்டு அடங்கின பிறகு, முகம் தெரியாத நேரத்தில், இறக்கை சத்தத்தோடு ஒன்று வரும். பூவில் உட்காராது. அந்தரத்தில் நின்றபடி நீளமான நாக்கை மட்டும் பூவின் குழலுக்குள் விட்டு உறிஞ்சும், அடுத்த பூவுக்கு நகரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைக் குருவி என்றே சத்தியம் செய்வார்கள். அது பருந்து அந்துப்பூச்சி. அந்தப் பூவின் குழல் ஒடுங்கியிருப்பதும், வெள்ளை நிறமும், இருட்டில் எழும் வாசனையும் இப்படிப்பட்ட விருந்தாளிக்காகத்தான். கலாக்காய் ஊறுகாய் போடுகிற வீடுகளெல்லாம் இந்தப் பூச்சிகளுக்கும் கடன்பட்டிருக்கின்றன.

அந்துப்பூச்சி என்றால் அரிசியில் வருவது, கம்பளியை அரிப்பது என்றுதான் வீடுகளில் பேச்சு. இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் இருக்கின்றன. பட்டாம்பூச்சி ஆயிரத்துச் சொச்சம்தான். ஹாம்ப்சன் என்ற வெள்ளைக்காரர் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்க்க வந்து, இந்த அந்துப்பூச்சிகள் பின்னாலேயே போய், 1892 முதல் 1896 வரை நாலு பெரிய தொகுதிகளாக எழுதி வைத்தார். அதற்குப் பிறகு நம் ஜில்லாவில் எதெது இருக்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்துக் குறித்து வைப்பது நம் வேலை. நைட் ஹால்ட் பஸ் போகிற ஊர் ஒவ்வொன்றிலும் இதைச் செய்யலாம். செல்போன் கேமரா போதும். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படத்தைப் போட்டால், இனம் தெரிந்தவர்கள் எங்கிருந்தோ வந்து பெயர் சொல்கிறார்கள்.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் எல்.இ.டி. விளக்கு போட்டுவிட்டார்கள். அதில் பூச்சி அவ்வளவாக வருவதில்லை. பூச்சிக் கண்ணுக்குப் பிடித்தமான புற ஊதாக் கதிர் அந்த விளக்கில் கிட்டத்தட்டக் கிடையாது. பக்கத்து மாரியம்மன் கோயிலில் பழைய ட்யூப்லைட் இன்னும் எரிகிறது. எல்லாம் அங்கேதான். நான் வேட்டியை நனைத்துக் காயவைத்து, கோயில் சுவரில் விளக்குக்குக் கீழே கட்டிவிடுவேன். பௌர்ணமி பக்கத்தில் கூட்டம் மெலிந்துவிடும். அமாவாசையை ஒட்டி, காற்று அடங்கிப் புழுக்கமாக இருக்கிற ராத்திரிதான் நல்ல ராத்திரி.

விட்டில் விளக்கின் மேல் ஆசைப்பட்டு வந்து விழுகிறது என்று காலம் காலமாகப் பாடிவிட்டோம். அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்து 2024ல் வெளியான ஓர் ஆய்வு வேறு காரணம் சொல்கிறது. இரவில் பறக்கும் பூச்சிக்கு மேலே எது கீழே எது என்று சொல்வது வானத்தின் வெளிச்சம். வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே முதுகைத் திருப்பிக்கொள்ளும். நாம் பக்கவாட்டில் ஒரு விளக்கை மாட்டினால், அதற்கும் முதுகைக் காட்டுகிறது, அதனால் சாய்கிறது, சாய்ந்ததால் வளைகிறது, வளைந்து வளைந்து விளக்கையே சுற்றி மாட்டிக்கொள்கிறது. இதைப் படித்த பிறகு கோயில் விளக்கை நின்று கவனித்தேன். அத்தனையும் முதுகை விளக்குக்குக் காட்டித்தான் சுற்றுகின்றன. அன்றிலிருந்து பூசாரி அண்ணனிடம் சொல்லி, பார்த்து முடித்ததும் பத்தரை மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறோம். அணைத்துக் கொஞ்ச நேரத்தில் சுவர் காலியாகிவிடும். அவற்றுக்கு அந்த ராத்திரியில் துணை தேடவும் முட்டை வைக்கவும் வேண்டியிருக்கிறது.

வேட்டியில் வந்து உட்காருகிறவர்களில் சிலரைச் சொல்கிறேன். வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்பும் புள்ளி வைத்த சின்னது ஒன்று. அதன் புழு கிலுகிலுப்பைக் காய்க்குள் விதையைத் தின்று வளரும். அந்தச் செடியின் விஷத்தை உடம்பிலேயே சேர்த்துக்கொண்டு, இறக்கை முளைத்த பிறகும் கைவிடாது. அதனால்தான் பளிச்சென்ற நிறத்தோடு பகலிலும் பயமில்லாமல் திரிகிறது. இன்னொன்று, மேலிறக்கை காய்ந்த சருகின் நிறம், உள்ளிறக்கை ஆரஞ்சு. இது பழத்தின் தோலையே குத்திச் சாறு உறிஞ்சும், நாக்கின் முனை அவ்வளவு கெட்டி. மாம்பழத்துக்கும் சாத்துக்குடிக்கும் எதிரி என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். இதன் புழு வளர்வது வேலியில் படர்ந்த சீந்தில் கொடியில்.

துரிஞ்சிக் கிளையிலும் வேலங்கிளையிலும் சின்னச் சின்ன முள்ளையும் குச்சியையும் நீளவாக்கில் அடுக்கிக் கட்டிய கூடுகள் தொங்கும். உள்ளே ஒரு புழு. குச்சியை அளவாக நறுக்கி, தன் பட்டுநூலால் ஒட்டி, வீட்டோடு நகர்ந்து மேயும். ஆண் மட்டும்தான் இறக்கை முளைத்து வெளியே வரும். பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. அந்தக் கூட்டிலேயே இருந்து, அங்கேயே முட்டை வைத்து முடிந்துவிடும்.

இலந்தையில் தேடினால் டஸ்ஸர் பட்டு தரும் இனத்தின் கூடு கிடைக்கும். முட்டை வடிவம், ஓடு போலக் கெட்டி, சாம்பல் நிறம். கிளையைச் சுற்றிப் பட்டாலேயே ஒரு வளையம் போட்டு, அதிலிருந்து காம்பு விட்டுத் தொங்கும். காற்றில் இலை உதிர்ந்தாலும் கூடு விழாது. கோடை முழுக்க வெயிலில் தொங்கிக்கொண்டு, உள்ளே இருப்பது மழைக்காகக் காத்திருக்கும். ஈரம் பட்டதும் வாயிலிருந்து ஒரு நீரை விட்டு ஓட்டின் முனையை இளக்கிக்கொண்டு வெளியே வரும்.

நான் எப்போதும் எதிர்பார்ப்பது நிலா அந்துப்பூச்சியை. சித்திரையில் முதல் கோடைமழை இறங்கின பிறகு வருகிற ராத்திரிகளில்தான் பார்த்திருக்கிறேன். வெளிர் பச்சை, கை அகலம், பின்னிறக்கையில் முறுக்கின நீள வால். வளர்ந்த பூச்சிக்கு வாய் வேலை செய்யாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் போல உயிரோடு இருக்கும், அதற்குள் துணையைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வால் அழகுக்கு இல்லை. வௌவால் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துத்தான் இரையைப் பிடிக்கிறது. பறக்கும்போது சுழல்கிற வால் அந்த எதிரொலியைத் தன் பக்கம் இழுத்து வௌவாலை ஏமாற்றுகிறது. வால் கிழிந்தாலும் உடம்பு தப்பிவிடும். இதன் அமெரிக்க உறவான லூனா அந்துப்பூச்சியை வைத்து 2015ல் இதைக் காட்டினார்கள். எங்கள் வேட்டியில் உட்கார்ந்த ஒன்றுக்கு ஒரு வால் பாதிக்கு மேல் இல்லை.

இதன் புழு விரும்பித் தின்னும் மரம் ஒதியன். ஒதி பெருத்தால் உத்திரமாகுமா என்று கேட்டுக் கேட்டே அந்த மரத்தை நாம் கேவலப்படுத்திவிட்டோம். உத்திரத்துக்கு ஆகாதுதான். வேலிக்குக் கிளையை ஒடித்து நட்டால் துளிர்க்கும், அவ்வளவுதான் அதன் மதிப்பு. கரட்டின் கீழ்ப்பக்கம் வேலியோரத்தில் ஒரு வரிசை ஒதியன் இருக்கிறது. அதை வெட்டினால் நிலா அந்துப்பூச்சி இந்த ஊரில் எங்கே முட்டை வைக்கும்?

பூச்சி இருந்தால் பக்கி இருக்கும். பக்கிக் குருவி பகலில் சருகுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் மிதிக்கிற தூரத்தில்கூடத் தெரியாது. இருட்டினதும் எழுந்து, அகலமாக வாயைத் திறந்து, பறக்கிற அந்துப்பூச்சியை அப்படியே வாரிக்கொள்ளும். ராத்திரியில் சாலையில் வந்து உட்காரும் பழக்கம் அதற்கு. கடைசி நடையில் ஹெட்லைட் பட்டதும் இரண்டு சிவப்புக் கண் மின்னும். எங்கள் டிரைவர் அண்ணன் உடனே வேகத்தைக் குறைத்து, "தோ குந்தினுகீறான் பாரு உன் ஆளு" என்பார். வண்டி நெருங்குகிற வரைக்கும் அசையாது, கடைசியில் சத்தமில்லாமல் எழும்பிப் போகும். இந்தச் சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுகிற எல்லாரும் அந்த ஒரு நிமிஷம் தாமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது முட்டை வைப்பதும் வெறும் தரையில்தான். கூடு என்று ஒரு துரும்பு கிடையாது. இரண்டு முட்டை, மண்ணின் நிறத்திலேயே.

விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்தால் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். கானாற்றங்கரையில் புங்க மரங்கள் புதுத் துளிர் விட்டுப் பளபளவென்று நிற்கும். அந்த நிழல் புதருக்குள்ளிருந்து சித்திரை முதல் வாரம் வரைக்கும் ஆறுமணிக்குருவி கூப்பிடும். பனிக்காலம் முழுவதும் தெற்கே இருந்துவிட்டு, குஞ்சு பொரிக்க வடக்கே போகிற வழி. வந்த சுவடு தெரியாமல் ஒருநாள் கிளம்பிப் போய்விடும். அது போகிற நேரத்தில் அக்காக்குயில் ஆரம்பிக்கும், ஒவ்வொரு கூவலுக்கும் சுருதி ஏறிக்கொண்டே போகும். அது தவிட்டுக்குருவிக் கூட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது, தன் முட்டையை அங்கே வைத்துவிட. கருஞ்சிட்டு பாறைப் பொந்தில் கூடு கட்டியிருக்கும். மாம்பழச்சிட்டு ஆண், மேலே எழும்பி உடம்பை உருண்டையாக உப்பவைத்துக்கொண்டு விசிலடித்தபடி இறங்கும். மேல்பாறை இடுக்குப் புதர்களில் மஞ்சள்தொண்டைச் சின்னானையும் பார்த்திருக்கிறேன். தென்னிந்தியப் பாறைக்குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை.

ஆடு மேய்க்கும் ஆயா ஒன்று எங்களுக்கு முன்னாலேயே அங்கே இருக்கும். கரட்டின் தலையில் சரளை பரந்து கிடக்கும் சமதளத்தில் நான் போனபோது தடியை நீட்டி மறித்தது.

"அந்தாண்ட போவாத நைனா. ஆள்காட்டி முட்டை வெச்சுகீது."

"எங்க ஆயா?"

"தோ, உன் காலாண்ட."

குனிந்து பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. ஆயா தடியின் நுனியால் காட்டியது. கூழாங்கல்லுக்கும் ஆட்டுப் புழுக்கைக்கும் நடுவில் நாலு முட்டை, அதே நிறம், அதே புள்ளி. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி. மற்ற ஆள்காட்டிகள் தண்ணீர்க் கரையைத் தேடும்போது இது காய்ந்த வெட்டவெளியைத் தேடி வரும். பகல் வெயிலில் தாய் முட்டைக்கு மேல் நின்று நிழல் கொடுக்கும். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைப்பதும் உண்டு. ஆயா அந்தச் சமதளத்தைச் சுற்றித்தான் ஆட்டை ஓட்டுகிறது. குஞ்சு இறங்கிப் போகிறவரைக்கும் அப்படித்தான்.

நான் இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் அந்தச் சமதளம்தான். ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நினைக்கிற சிலர், வெளியூரிலிருந்து நாற்று வாங்கித் தருகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, கரட்டைப் பசுமையாக்கப் போகிறோம் என்கிறார்கள். ஜே.சி.பி. வந்து ஒரு ஓரத்தில் குழி எடுத்தும்விட்டது. அவர்கள் எண்ணத்தைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் வாடுகிற ஊரில் மரம் நட நினைப்பது நல்ல மனசு. ஆனால் இடம் தப்பு. வெட்டவெளி வேண்டும் என்று வருகிற பறவைக்கு நிழல் மரம் நட்டால் அது போய்விடும். குழி எடுத்த இடத்தில் கலாவும் காரையும் கிலுகிலுப்பையும் வேரோடு கிடந்தன. ஏற்கனவே செடி இருந்த இடத்தில் செடி நடுவதற்காக.

முட்புதர் நிலம் என்றால் தரிசு என்று எழுதுவது நம் ரெவின்யூ கணக்கில் மட்டும் இல்லை. மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர் மண்டிய நிலம் தரிசுநில வகைகளில் ஒன்று. அந்த வகை நிலத்தில் என்ன இருக்கும் என்பதற்கு நமக்கு வடக்கே, கடப்பை மாவட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. ஜெர்டான் என்ற வெள்ளைக்காரர் கண்டுபிடித்த ஓடுபறவை, தெலுங்கில் கலிவிகோடி, 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. இனம் அழிந்தது என்றே நினைத்திருந்தார்கள். 1986ல் அங்கே ஒரு முட்புதர்க் காட்டில் அது உயிரோடு இருந்தது தெரியவந்தது. அதற்காக ஸ்ரீலங்கமல்லேஸ்வரா சரணாலயம் வந்தது, அந்தப் பக்கம் வரவிருந்த கால்வாயின் பாதையும் மாற்றப்பட்டது. அந்தக் காட்டிலும் கலாதான், இலந்தைதான், வேல்தான். எங்கள் கரட்டில் அந்தப் பறவை இருக்கிறது என்று சொல்லவில்லை. தரிசு என்று எழுதின நிலத்தை ராத்திரியிலும் விடியலிலும் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டுக் குழி எடுங்கள் என்கிறேன்.

தீ வைப்பது இன்னொரு சங்கடம். புதுப் புல் முளைக்கும் என்று பங்குனி, சித்திரையில் கொளுத்திவிடுகிறார்கள். அந்த மாதத்தில்தான் தரையில் முட்டை, புதரில் குஞ்சு, கிளையில் கூட்டுப்புழு. தழைக்கும் புல்லைவிட எரிகிற உயிர் அதிகம். ஆயாவே இதைச் சொல்கிறது, ஆடு வைத்திருக்கிற மனுஷி.

மே 1 கிராம சபையில் ஊர்க்காரர்கள் ஒரு மனு கொடுக்கிறார்கள். எழுதிக் கொடுத்தது நான். குழி எடுத்தது போதும், மேலே சமதளத்துக்கு ஜே.சி.பி. வர வேண்டாம். வாங்கின நாற்றை ஏரிக்கரையிலும் பள்ளிக்கூடத்துச் சுவரோரத்திலும் நடலாம். அங்கே புங்கனும் நாவலும் மருதும் நன்றாக வரும், தண்ணீர் ஊற்றவும் ஆள் இருக்கிறது. ஆடி முடிகிறவரை கரட்டில் யாரும் தீ வைக்கக் கூடாது. ஒதியன் வேலியை விட்டுவைக்க வேண்டும். இவ்வளவுதான் மனு. குழி எடுத்தவர்களில் இரண்டு பையன்கள் இப்போது கோயில் சுவருக்கு வந்து என்னோடு பூச்சிப் படம் எடுக்கிறார்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். நான் அந்த ஊர் வாக்காளன் இல்லை, அன்றைக்கு எனக்கு டூட்டியும் இருக்கிறது. ஆள்காட்டி முட்டை பற்றிச் சபையில் எழுந்து தானே பேசுவதாக ஆயா சொல்லியிருக்கிறது.